கண்டி வரை வந்த ஒரு டியூப் நொதியம்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாமான் நல்லது. வேலை செய்கிறது. ஆனால் விலை, பொதியின் அளவு, கூட வந்த டேட்டாஷீட், கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி மலையேறி வந்த விதம் என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது. கொழும்புக்கு வெளியே உயிர்இரசாயன ஆய்வு செய்பவர்கள் இந்த மாதிரிப் பொருளுக்கு ஓடர் போடுவதற்கு முன் வாசித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். கம்பனியின் பெயரும் இங்குள்ள ஏஜென்டின் பெயரும் இதில் வராது. நாளைக்கும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கண்டியில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வாங்கியது மனிதத் தசையில் உள்ள கிளைக்கோஜன் சிந்தேஸ் என்ற நொதியம். பட்டியல்களில் ஜிவைஎஸ்1 (GYS1) என்று தேடினால் வரும். யாருடைய தசையையும் அறுத்து எடுத்ததல்ல. மனித மரபணுவைப் பூச்சிக் கலங்களுக்குள் ஒரு வைரஸ் வழியாகச் செலுத்தி, அந்தக் கலங்களைக் கொண்டே செய்வித்து, பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த புரதம். கிளிசரோல் கலந்த திரவமாக, மைனஸ் 80 பாகையில் வைக்க வேண்டிய சின்னஞ்சிறு டியூபில் வருகிறது. லேபிளில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அதை வீட்டில் விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். “சீனி வருத்தத்துக்கு ஊசி ஏதும் வந்திருக்கா?” என்று அம்மா போனில் கேட்டார். இல்லையம்மா, இது மருந்தில்லை, மருந்து தேடுகிறவர்கள் பாவிக்கிற சாமான் என்றேன். “அப்ப எதுக்கு அவ்வளவு காசு?” என்றார். நியாயமான கேள்வி. காசு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த நொதியம் செய்கிற வேலை இதுதான். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸை உடம்பு கிளைக்கோஜன் என்ற நீண்ட கிளைச் சங்கிலியாகக் கோத்துச் சேமிக்கிறது. வளர்ந்த ஒருவரின் ஈரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் எல்லாமாகச் சேர்த்து 400 கிராம் அளவில் இருக்கும். ஈரல் தன் இருப்பை உடைத்து இரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுக்கும். தசை அப்படிக் கொடுக்காது, அதற்கு வேண்டிய குளுக்கோஸ்-6-பொஸ்பட்டேஸ் அதனிடம் இல்லை. சேர்த்ததைத் தானே எரித்து முடிக்கும். கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறுகிறவர்களின் தொடைத்தசை எரிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸைத் தசை உள்ளே இழுத்துக் கிளைக்கோஜனாக்குவது குறைந்துபோவது இரண்டாம் வகை நீரிழிவில் தெளிவாகத் தெரிகிற ஒரு கோளாறு. அதனால்தான் எங்களுக்கு ஈரல் நொதியம் வேண்டாம், தசை நொதியம் வேண்டும் என்று அடம்பிடித்தோம். ஈரலில் இருப்பது ஜிவைஎஸ்2 என்ற வேறொரு மரபணுவின் புரதம். ஓடர் போடும்போது கடைசி இலக்கத்தை இரண்டு தடவை பாருங்கள்.

குளுக்கோஸ் நேரடியாகச் சங்கிலியில் ஏறுவதில்லை. யூடிபி-குளுக்கோஸ் (UDP-glucose) என்ற வடிவத்தில் வந்து, குளுக்கோஸை இறக்கிவிட்டு யூடிபி தனியாகக் கழன்று போகும். அந்த யூடிபிதான் எங்களுக்கு முக்கியம், அதை அளந்துதான் நொதியம் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கிறோம். ஆர்ஜென்டினாவில் லூயிஸ் லெலுவார் 1950களில் கண்டுபிடித்துச் சொன்ன வழி இது. அவருக்கு 1970இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை பழைய விஷயத்துக்கு இப்போது ஏன் இவ்வளவு தேவை என்றால், பொம்பே நோய், லஃபோரா நோய் போன்ற அரிய பரம்பரை நோய்களில் கிளைக்கோஜன் அளவுக்கு மீறியோ கோணலாகவோ சேர்ந்து கலங்களைக் கெடுக்கிறது. அங்கே இந்த நொதியத்தை அடக்கப் பார்க்கிறார்கள். நீரிழிவுக்கு மருந்து தேடுகிறவர்களோ இதை முடுக்கிவிட ஆசைப்படுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சுத்தமான மனிதப் புரதம் தேவைப்படுகிறது.

எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய கதை இல்லை. இங்கே சீனி வருத்தத்துக்கு என்று சொல்லிக் குடிக்கிற மூலிகைச் சாறுகள் சில இருக்கின்றன. கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் செய்த குவளையில் இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறவர்களைக் கண்டியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டையின் சாறு குடலில் மாச்சத்தை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது என்பது பல காலமாகத் தெரிந்ததுதான். மற்றச் சாறுகளில் ஏதாவது தசை நொதியத்தை நேரே தொடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

சரி, வாங்கிய கதை. எங்கள் ஃபிரீசரில் இதே பெயரில் ஏற்கெனவே ஒரு டியூப் இருந்தது. எனக்கு முன்பு இருந்தவர்கள் வேறொரு கம்பனியிடம் வாங்கியது. கோதுமை முளையின் சாற்றில் கலமே இல்லாமல் செய்த புரதம். விலை பாதிக்கும் குறைவு. டேட்டாஷீட்டில் ‘பயன்பாடு’ என்ற இடத்தில் வெஸ்டர்ன் புளொட், எலைசா என்று மட்டும் இருக்கும். நொதியச் செயற்பாடு என்ற சொல்லே இருக்காது. அதாவது அது அன்டிபொடி சரியாக ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்கான புரதம், ஓடுகிற நொதியம் இல்லை. பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பெயரில், ஒரே மாதிரிப் படத்தோடு இருக்கும். விற்கிறவர் பொய் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சின்ன எழுத்தில் சொல்கிறார். அந்த டியூபை இப்போது ஜெல்லில் அளவு பார்க்க ஓட்டுகிறோம், அதற்கு நன்றாகவே இருக்கிறது.

தசை சிந்தேஸைத் தனியாகச் செய்தால் சரியாக மடியாமல் கட்டிபட்டுப் போகிற தொல்லை உண்டு. அதனால் கிளைக்கோஜெனின் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்த்து ஒரே கலத்தில் செய்விக்கிறார்கள். கிளைக்கோஜெனின் தன்மேல் தானே முதல் சில குளுக்கோஸ்களை ஒட்டிக்கொள்ளும். பாலுக்கு உறைமோர் மாதிரி. அந்தத் துளியிலிருந்துதான் சிந்தேஸ் சங்கிலியை நீட்டத் தொடங்கும். (2017இல் கிளைக்கோஜெனின் அறவே இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது அவற்றின் தசையில் கிளைக்கோஜன் குறையவில்லை, கூடிப்போயிருந்தது. ஆக உறைமோர்க் கதை முழுக்கதை இல்லை. ஆனாலும் டியூபுக்குள் சிந்தேஸைக் கரைந்த நிலையில் வைத்திருக்கக் கிளைக்கோஜெனின் தேவை என்பதில் மாற்றமில்லை.) 2022இல் இந்த இரண்டும் சேர்ந்த மனிதக் கூட்டுப்புரதத்தின் கட்டமைப்பை கிரையோ மின்நுணுக்குக்காட்டியில் பார்த்து வெளியிட்டார்கள். நான்கு சிந்தேஸ் சேர்ந்து ஒரு கூட்டமாக நிற்க, ஒவ்வொன்றிலும் கிளைக்கோஜெனினின் வால் துண்டு கொழுவியிருக்கும். டேட்டாஷீட்டில் ‘கிளைக்கோஜெனின்-1 உடன் இணைவெளிப்பாடு’ என்ற பொருள்பட ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். நாங்கள் வாங்கியதில் இருந்தது. அதற்காகத்தான் அந்த விலையைக் கொடுத்தோம்.

விலையைப் பற்றிச் சொல்வதானால், அம்மா வேலை செய்த தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்த நாட்சம்பளத்தில் பல மாதம் கொழுந்து எடுத்தால் இந்த ஒரு டியூப் வரும். அதில் கணிசமான பங்கு புரதத்துக்கில்லை, ட்ரை ஐஸுக்கும் (உறைந்த கரியமிலவாயு) விமானத்துக்கும் போகிறது. 2022இல் டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியதை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட்கள் இன்றும் விலைமனுவை இரண்டு கிழமைக்கு மேல் செல்லுபடியாக்குவதில்லை. நம் பக்கத்துக் கொள்வனவுக் குழு கூடிக் கையெழுத்துப் போடுவதற்குள் அந்த இரண்டு கிழமை ஓடிவிடும். புது விலைமனு, புதுக் கையெழுத்து. கம்பனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கம்பனியைக் குறை சொல்ல வேண்டியது பொதியின் அளவில். முழுப் புரதத்தையும் ஒரே டியூபில் போட்டு அனுப்புகிறார்கள். ஒரு தடவை உருகினால் திரும்ப உறைய வைக்காதீர்கள் என்று அவர்களே எழுதுகிறார்கள். அப்படியானால் ஏன் நாலைந்து சின்ன டியூபாகப் பிரித்து அனுப்பக் கூடாது? கேட்டால் அது ‘விசேட ஓடர்’, தனி விலை. நாங்கள் வந்த அன்றே ஐஸின் மேல் வைத்து உருக்கி, முன்பே குளிர வைத்திருந்த டியூப்களில் ஐந்து ஐந்து மைக்ரோலீட்டராகப் பிரித்து, திரவ நைதரசனில் உறையவைத்து, மைனஸ் 80இல் வைத்தோம். திரவ நைதரசன் இல்லாதவர்கள் ட்ரை ஐஸும் எதனோலும் கலந்த குளியலில் உறையவைக்கலாம். பொதியோடு வருகிற ட்ரை ஐஸை அதற்காகவே எடுத்து வையுங்கள், வீசிவிடாதீர்கள்.

ட்ரை ஐஸ் மிஞ்சினால்தான். ட்ரை ஐஸ் மைனஸ் 78 பாகையில் நேரே வாயுவாகிப் போகிற சாமான், மூடி வைத்தாலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். கட்டுநாயக்கவில் பெட்டி இறங்கியதும் கஸ்டம்ஸுக்குக் கடிதம் வேண்டும்: தொற்றுக் கிருமி இல்லை, வியாபாரத்துக்கில்லை, மனிதருக்கோ விலங்குக்கோ கொடுப்பதற்கில்லை. அந்தக் கடிதத்தை விமானம் ஏறும் முன்பே ஏஜென்டின் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கொழும்பிலிருந்து கேகாலை, மாவனல்லை, கடுகண்ணாவ வளைவுகள் வழியாக மேலே. ஏஜென்டின் ஒஃபிசில் மாத்தளைத் தம்பி ஒருவர் இருக்கிறார், நல்ல பிள்ளை. போன் எடுத்து, “மிஸ், கண்டி இன்டர்சிட்டி பஸ்ல கண்டக்டர் கிட்ட போட்டு விடவா? மூணரை மணிக்குள்ள வந்துரும்,” என்றார். பஸ்ஸில் பார்சல் போடுவது நம் நாட்டில் எல்லோரும் செய்கிறதுதான், மாம்பழம் முதல் மருந்து வரை அப்படித்தான் வரும். ஆனால் அடைத்த பஸ்ஸுக்குள் கரியமிலவாயு கக்கும் பெட்டியை ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. வேனில்தான் வந்தது, வேன் காசும் எங்கள் தலையில்.

பெட்டியைத் திறந்தபோது அடியில் இரண்டு கைப்பிடி ட்ரை ஐஸ் இருந்தது. டியூப் கல்லாக உறைந்திருந்தது, போதும். ஆனால் வழியில் வெப்பநிலை எவ்வளவுக்குப் போனது என்று காட்டும் பதிவுக்கருவி எதையும் உள்ளே வைக்கவில்லை. நடுவில் உருகி மறுபடி உறைந்ததா என்று சொல்ல இயலாது. இந்த விலைக்கு ஒரு கருவி வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? லேபிளின் கரை பனியில் உரிந்து, லொட் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் தெரியாமல் இருந்தது. மூடியிலும் அதே இலக்கத்தைச் சின்னதாக அச்சடித்திருந்தார்கள். அந்தக் கவனத்துக்கு ஒரு சபாஷ்.

டியூபைக் கையில் எடுத்தால் காலி என்றே நினைப்பீர்கள். திரவம் அவ்வளவு குறைவு. மூடியின் உட்புறத்தில் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது, கிளிசரோல் இருப்பதால் தேன்போல இழுபட்டது. திறக்கும் முன் குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் சில விநாடி சுற்றினால் அந்தத் துளி அடிக்கு வரும். சுற்றாமல் திறந்தால் பல நாட்சம்பளம் மூடியோடு போகும். எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பைப்பட்டால் எடுத்ததைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜெல் ஓட்டினோம். சிந்தேஸ் 737 அமினோ அமிலம் கொண்டது, 84 கிலோடால்டனுக்குக் கிட்ட ஒரு பட்டி வர வேண்டும். வந்தது, தடித்துத் தெளிவாக. கீழே 40ஐ அண்டி கிளைக்கோஜெனினின் பட்டி. அது கூராக இல்லாமல் கொஞ்சம் மேலே கலைந்து நிற்கும். ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஒட்டியிருக்கிற குளுக்கோஸின் எண்ணிக்கை வேறுபடுவதால் அப்படி. அதை அசுத்தம் என்று நினைத்து முறைப்பாடு எழுதத் தேவையில்லை. வேறு பட்டிகள் மங்கலாக ஓரிரண்டு இருந்தன. தூய்மை பற்றி அவர்கள் லேபிளில் சொன்னது சரிதான்.

இனி முக்கியமான விஷயம், செயற்பாடு. டேட்டாஷீட்டில் ஒரு மில்லிகிராமுக்கு இவ்வளவு என்று ஓர் எண் இருக்கிறது. பார்க்க அழகான எண். ஆனால் எந்த நிலைமையில் அளந்தது என்று அதில் இல்லை. இந்த நொதியத்தைப் பொறுத்தவரை அந்தத் தகவல் இல்லாத எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஏனென்றால் கிளைக்கோஜன் சிந்தேஸின் மேல் பல இடங்களில் பொஸ்பேட் ஒட்டும். ஒட்ட ஒட்ட நொதியம் தூங்கிப்போகும். இன்சுலின் வந்தால், பொஸ்பேட்டை ஒட்டுகிற ஜிஎஸ்கே3 என்ற கைனேஸ் அடங்கி, பொஸ்பேட் கழன்று, நொதியம் விழிக்கும். ஜிஎஸ்கே3இன் முழுப்பெயரே கிளைக்கோஜன் சிந்தேஸ் கைனேஸ் 3தான். பொஸ்பேட்டோடு தூங்குகிற நொதியத்தையும் குளுக்கோஸ்-6-பொஸ்பேட் நிறையக் கொடுத்தால் எழுப்பிவிடலாம். பூச்சிக் கலமும் தன் பங்குக்குப் பொஸ்பேட் ஒட்டித்தான் அனுப்புகிறது. ஆக, குளுக்கோஸ்-6-பொஸ்பேட் போட்டு அளந்தால் ஓர் எண், போடாமல் அளந்தால் அதில் ஒரு துண்டு.

நாங்கள் இரண்டு விதமாகவும் அளந்தோம். 10 மில்லிமோலார் குளுக்கோஸ்-6-பொஸ்பேட்டோடு டேட்டாஷீட்டின் எண்ணுக்கு நெருக்கமாக வந்தது. அது இல்லாமல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. லம்டா பொஸ்பட்டேஸ் போட்டுப் பொஸ்பேட்டைக் கழற்றியபின் அது இல்லாமலும் நன்றாக ஓடியது. புத்தகத்தில் படித்தபடி அச்சுப் பிசகாமல் நடந்ததைப் பார்த்தபோது, கொடுத்த காசு ஒரு பக்கம் மறந்துபோனது. இந்தப் பொருளின் உண்மையான பெறுமதி இங்கேதான். பொஸ்பேட்டால் அடங்கி, குளுக்கோஸ்-6-பொஸ்பேட்டால் எழும்பி, மனிதத் தசையில் நடந்துகொள்கிற மாதிரியே டியூபிலும் நடந்துகொள்கிறது. முடுக்கி தேடுகிறவர்களுக்கு அந்தத் தூங்குகிற வடிவம்தான் வேண்டும், தடுப்பான் தேடுகிறவர்களுக்கு விழித்த வடிவம். எது வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அளக்கிற முறை பற்றி. கதிரியக்க யூடிபி-குளுக்கோஸ் பாவித்து வடிதாளில் பிடிக்கிற பழைய முறைதான் துல்லியமானது, ஆனால் அதற்கு அனுமதிப்பத்திரம், தனி இடம், கழிவு அகற்றல் எல்லாம் வேண்டும். ஒளி உமிழும் கிட் உண்டு, அதற்கு லுமினோமீட்டர் வேண்டும். எங்களிடம் இருப்பது சாதாரண நிறமாலை ஒளிமானி. அதனால் கழன்று வரும் யூடிபியைப் பைருவேட் கைனேஸுக்கும் லக்டேட் டீஹைட்ரோஜினேஸுக்கும் கொடுத்து, அந்தத் தொடரில் செலவாகும் என்ஏடிஎச் (NADH) குறைவதை 340 நனோமீட்டரில் பார்க்கிறோம். ஒரு கவனம்: பைருவேட் கைனேஸுக்குப் பிடித்தது ஏடிபி (ADP), யூடிபியை அது அரைமனதாகத்தான் எடுக்கும். ஏடிபிக்கு எழுதிய செய்முறையில் உள்ள அளவைப் போட்டால் அளப்பது உங்கள் நொதியத்தின் வேகத்தையல்ல, பைருவேட் கைனேஸின் சோம்பலை. தாராளமாகப் போடுங்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் மறக்க வேண்டாம். சங்கிலி நீளத் தொடங்குவதற்குக் கிளைக்கோஜனும் போட வேண்டும். கடையில் முயல் ஈரலில் எடுத்ததும் சிப்பியில் எடுத்ததும் கிடைக்கும், இரண்டும் ஓடின.

எங்களுக்கு உண்மையில் தலையிடி கொடுத்தது நொதியம் இல்லை, சாறு. மூலிகைச் சாறுகளில், அதிலும் தேயிலையில், பொலிஃபீனோல் நிறைய. அவை எந்தப் புரதத்தையும் பிடித்துக் கட்டியாக்கும். பச்சைத் தேயிலைச் சாற்றைப் போட்டதும் நொதியம் முழுதாக அடங்கியது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி, “அக்கா, கண்டுபிடிச்சிட்டோம்!” என்று துள்ளினாள். அதே சாற்றை, சிந்தேஸ் இல்லாமல், யூடிபியை மட்டும் நேரடியாக ஊற்றிய கலவையில் போட்டுப் பார்த்தோம். அதுவும் அடங்கியது. அதாவது சாறு அடக்கியதில் ஒரு பங்கு பைருவேட் கைனேஸை, இல்லாவிட்டால் கூட இருந்த மற்றதை. கொஞ்சம் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரப் பொருளும் மாட்டு அல்புமினும் சேர்த்தபின் ‘கண்டுபிடிப்பில்’ பெரும்பகுதி கரைந்துபோனது. போதாக்குறைக்குச் சாறே 340இல் ஒளியை உறிஞ்சும். இந்த மாதிரிச் சாறுகளைப் பரிசோதிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், நொதியத்துக்கு ஓடர் போடும் முன் இந்த எதிர்ச்சோதனைகளை வெறும் யூடிபி வைத்து முடித்துவிடுங்கள். யூடிபி மலிவு.

நுவரெலியாப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: தாக்கத்தை நிறுத்தக் கொதிநீரில் வை என்று செய்முறை சொன்னால், அங்கே 1,868 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையை அண்டியே கொதித்துவிடும். ஹீட் புளொக் பாவியுங்கள், இல்லாவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள்.

கரண்ட் விஷயம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டது. ஜெனரேட்டர் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட ஆள் இருக்க வேண்டும். மைனஸ் 80 ஃபிரீசர் கதவைத் திறக்காமல் விட்டால் சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். திறந்து பார்த்துக் கவலைப்படுகிறவர்கள்தான் கெடுப்பது. பிரித்த டியூப்களில் பாதியை வேறு கட்டடத்தில் உள்ள ஃபிரீசரில் வைத்திருக்கிறோம். சில மாதம் கழித்து எடுத்து ஓட்டியபோதும் செயற்பாட்டில் சொல்லத்தக்க இறக்கம் இல்லை. அந்த விஷயத்தில் டேட்டாஷீட் சொன்ன ஆயுளை நம்பலாம்.

வாடிக்கையாளர் சேவை நன்று. செயற்பாட்டு எண் எந்த நிலைமையில் வந்தது என்று மின்னஞ்சலில் கேட்டேன். வார இறுதி கழிந்ததும் பதில் வந்தது: குளுக்கோஸ்-6-பொஸ்பேட் போட்டு அளந்ததுதான், இதோ அந்த லொட்டின் அளவீட்டு வரைபு. கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காதவருக்குத் தெரியாது. ஓடர் போடும் முன்பே இந்தக் கடதாசியைக் கேளுங்கள். தர மறுக்கிற கம்பனியிடம் வாங்க வேண்டாம்.

யார் வாங்க வேண்டாம்? மாணவர் செய்முறைக்காக என்றால் வேண்டவே வேண்டாம். கிளைக்கோஜன் உடைவதைக் காட்ட முயல் தசையின் பொஸ்பரைலேஸ் போதும், விலையும் தாங்கும். அன்டிபொடி பார்க்க மட்டும் என்றால் அந்தக் கோதுமை முளைச் சாமானே போதும். கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டியவர்கள் தசைக் கலங்களை வளர்த்துப் பார்ப்பது மேல். மனித நொதியத்தை ஒரு மருந்துப்பொருள் நேரே தொடுகிறதா, தொட்டால் குளுக்கோஸ்-6-பொஸ்பேட் இடத்திலா வேறிடத்திலா என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் இது. அவர்களுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். முடிந்தால் இரண்டு ஆய்வுகூடம் சேர்ந்து ஒரே ஓடராகப் போடுங்கள். ட்ரை ஐஸும் விமானக் கூலியும் ஒரு தடவைதான் விழும்.

கடைசியாக, எப்போது வரவழைப்பது. அங்கே திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஏற்றினால் சனி, ஞாயிறு பெட்டி எங்கோ கிடந்து ட்ரை ஐஸை இழக்கும். நம் நாட்டு போயா நாட்களைக் கம்பனிக்கு எழுதி அனுப்புங்கள், அவர்களுக்கு அது தெரியாது. சித்திரைப் புத்தாண்டுக் கிழமை கூடாது. எசல பெரஹரா நடக்கும் நாட்களில் பிற்பகலுக்கு மேல் கண்டி நகருக்குள் வேன் நுழைவதே சிரமம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகப் பாதைகள் பல மூடிக்கிடந்ததைப் பார்த்தபின், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மைனஸ் 80 சாமான் எதையும் நாங்கள் வரவழைப்பதில்லை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் எங்களுக்குத் தோதான காலம். அடுத்த டியூபுக்கான விலைமனுவை அதற்கேற்றபடி டிசம்பரிலேயே கேட்டுவிடுவோம்.